கேட்காமல் போகாதவள்

அவளுடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவள் அடி வாங்கும் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போயில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் சுவர் அப்படிப்பட்டது. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் இந்த வீட்டில் தும்மல் வரும். அவள் புருஷன் அவளைப் பிடித்துச் சுவரில் மோதினால் என் பக்கத்தில் காலண்டர் ஆணியோடு கழன்று விழும்.

என்னை நடுங்க வைத்தது அடி விழும் சத்தம் இல்லை. நடுநடுவே அவள் பேசுவதுதான். ஐயோ அம்மா என்று அலறமாட்டாள். அவனைக் கெஞ்சவும் மாட்டாள். வேறு யாரோ அந்த அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப்போல அவரிடம் பேசுவாள்.

“ஆண்டவரே, பாக்குறீங்கல்ல? இப்ப பெல்ட்ட உருவுறான். பாருங்க.”

“யாருகிட்டடி பேசுற? எவன்டி உள்ள இருக்கான்?” என்று அவன் கத்துவான். அதற்குப் பிறகு அடி இன்னும் பலமாக விழும்.

முகத்தைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கதவைத் தட்டினாள். நல்ல வளர்த்தியான பெண். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவளாக இருப்பாள். உதடு கிழிந்து, இடது கண் மூடிக் கிடந்தது.

“அக்கா, ஐஸ் இருக்குமா? தண்ணியில போட இல்ல, கண்ணுல வெக்க.”

நான் வாயைத் திறக்காமல் நின்றேன். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. கடையில்கூட விரலைக் காட்டித்தான் சாமான் வாங்குவேன். அவள் என்னைப் பார்த்து அந்தக் கிழிந்த உதட்டோடு சிரித்தாள்.

“பயந்துட்டீங்களா? இன்னொரு கண்ணு நல்லாத்தான் தெரியுது லா. உங்க சட்டை கலர் அழகா இருக்கு.”

அன்றையிலிருந்து அவள் என் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தாள். நான் புருஷனை இழந்தவள். மகன் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்குள் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டப் போய்விடுவான், இருட்டிய பிறகுதான் வருவான். பகல் முழுவதும் நான் தனியாகத்தான் இருப்பேன். என் பங்குப் பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதைச் செய்வதற்கு முன்னாலும் ஆண்டவரிடம் கேட்பாள். எல்லாக் கிறிஸ்தவர்களும் ஜெபம் செய்கிறவர்கள்தான். நானும் லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் ஞானஸ்நானம் எடுத்தவள்தான். ஆனால் அவள் கேட்கும் விதமே வேறு. “இருங்க, கேட்டுட்டுச் சொல்றேன்” என்பாள். நின்ற இடத்திலேயே கண்ணை மூடுவாள். அப்புறம் கண்ணைத் திறந்து, “சரின்னுட்டார்” என்பாள், இல்லையென்றால், “வேணாங்கிறார்” என்பாள். பசாரில் முட்டைக்கோசின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படி நின்றிருக்கிறாள். கடைக்காரச் சீனன், காய்கறிக்கும் பூசை உண்டா என்று மலாயில் கேட்டுச் சிரிப்பான். “உன் தராசு சரியில்லன்னு சொல்றாரு லா” என்று இவள் திருப்பிக் கொடுப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் நிற்பேன்.

அவள் கேட்டு நடந்தது எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுதினால் அது பொய்.

அவள் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தாள். ஒருநாள் காலையில் தொழிற்சாலை பஸ் கீழே வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இவள் படிக்கட்டில் நின்றுவிட்டாள். ஏறாதே என்று சொல்லிவிட்டாராம். பஸ் போய்விட்டது. அன்று அந்த பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனவர்கள் எல்லாரும் சுகமாகத் திரும்பி வந்தார்கள். அவன் லோரி ஓட்டுகிறவன், அன்றைக்கு அவனுக்கு வேலை இல்லை. இவள் வீட்டில் இருந்தாள், அவனும் இருந்தான். மத்தியானத்துக்குள் என் காலண்டர் தரையில் கிடந்தது.

சாயங்காலம் ஐசை ஒரு துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

“இதுக்குத்தான் போகாதேன்னாரா?”

அவள் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. வெகு நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“தெரியலக்கா. சொன்னாரு. இருந்தேன். ஏன்னு அவருக்குத்தான் தெரியும்.”

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் ஆண்டவர்மேல் அதைவிடப் பெரிய கோபம் வந்தது. அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

வெகு காலம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. மாடியில் துணி காயப்போடும்போது வயிற்றைத் தடவித் தடவிப் பேசிக்கொண்டு நிற்பாள். ஐந்தாவது மாதத்தில் அவன் மிதித்தான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தும் தும் என்று தரையில் மூட்டையைப் போடுவதுபோலச் சத்தம். அன்று அவள் யாரோடும் பேசவில்லை. அதுதான் எனக்கு அடையாளம். கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அவன் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் படியிறங்கிப் போனான். குசினியில் தரையெல்லாம் ரத்தம். பாதி நறுக்கிய கத்தரிக்காய் அதில் மிதந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவளுக்குப் பூண்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். வாங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

“உன் ஆண்டவர் எங்கம்மா இருந்தாரு அப்போ?”

திரும்பாமலேயே பதில் சொன்னாள்.

“என் பக்கத்துலதான் படுத்திருந்தாரு. அவருக்கும்தான் மிதி விழுந்துச்சு.”

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அதை மறக்கவும் இன்றுவரை முடியவில்லை.

காஹாங்கில் செம்பனைத் தோட்டத்தில் அவளுடைய அண்ணன் இருந்தார். வந்துவிடு, எங்களோடு இரு என்று அவர் எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டார். “போகச் சொன்னா இந்த நிமிஷமே போவேன். அவரு இன்னும் சொல்லலியே” என்பாள். “அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்க்கா, பீடத்துக்கு முன்னால. அவரு முன்னால குடுத்தத அவரு அவிழ்க்காம நான் எப்படி அவிழ்க்கிறது?” அப்படியே விட்டால் அவன் அவளைக் கொன்றுவிடுவான் என்று எனக்குத் தெரியும். அந்த மாடியில் எல்லாருக்குமே தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் போகும் சபையில் பெண்களுக்கு உபவாச ஜெபம் நடக்கும். என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். கடை வரிசையில் ஒரு டாயர் கடைக்கு மேல்மாடியில் ஜெப அறை. கீழே நட்டுக் கழற்றும் மெஷின் டர்ர்ர் என்று அலறும், மேலே நாங்கள் பாடுவோம். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். ஆண்டவர் அந்த வாரம் செய்த நன்மையைச் சொல்வது. என் முறை வந்தால் நான் தலையை மட்டும் ஆட்டுவேன். என்னை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். அது எல்லாருக்கும் பழகிப்போனது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

“கை ஒடிஞ்சிருச்சு. ஆனா உயிரு இருக்கு, அதுக்கு ஸ்தோத்திரம். வீட்டுக்காரரு பாராங்கு கத்தியத் தீட்டி வெச்சிருக்காரு. வர்ற வாரம் நீ ஜெபத்துக்குப் போக உனக்குக் கழுத்து இருக்காதுன்னு சொன்னாரு. நான் ஆண்டவர்கிட்ட கேட்டேன். போகவான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல. சொல்ற வரைக்கும் இருப்பேன். எனக்காக ஜெபிங்க.”

“ஆமென்” என்றார்கள் பெண்கள். சிலர் அழுதார்கள். போதகருடைய மனைவி, “சகிச்சிருங்க சகோதரி, கர்த்தர் கணக்கு வெச்சிருக்காரு” என்றார். அடுத்தது என் முறை. அடுத்தவளைப் பார்க்க எல்லாரும் திரும்பிவிட்டார்கள்.

நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டுக் குரலை இழுத்து வெளியே போட்டதுபோல இருந்தது.

“போயிடும்மா. வீட்டுக்குத் திரும்பாத. இப்பவே போயிடு.”

கீழே மெஷின் சத்தம்கூட நின்றிருந்தது. போதகர் மனைவி என் பக்கம் திரும்பினார்.

“சகோதரி, உக்காருங்க. இது மாம்சத்துல பேசுற பேச்சு. கர்த்தர் சொல்லாம நம்மளா சொல்லக்கூடாது.”

நான் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அவள் உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த அறை அதிரும்படி சிரித்தாள்.

“அலமாக்! அக்கா பேசிட்டாங்க!” என்றாள். “அம்மா, இவங்க வாயத் தொறந்து நீங்க யாராச்சும் பாத்திருக்கீங்களா? வேதத்துல கழுதைய ஒருதடவ பேச வெச்சவருதானே அவரு? இதுக்கு மேல எனக்கு என்ன அடையாளம் வேணும்?”

“என்னைக் கழுதைங்கிறியா?” என்றேன் நான்.

“சின்னக் கழுதைக்கா. நல்ல கழுதை.”

பையை எடுத்து ஒடியாத கையில் மாட்டினாள். வீட்டில் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு நினைப்பும் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நேராகப் படியிறங்கினாள். நான் பின்னால் ஓடினேன்.

கீழே அவன் நின்றிருந்தான். அவளைக் கூட்டிப் போக வந்தவன், மோட்டருக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. டாயர் கடை முதலாளி தவுக்கே வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏறு” என்றான்.

“நான் வரல. காஹாங்குக்குப் போறேன். ஆண்டவரு போகச் சொல்லிட்டாரு.”

அவள் அதைக் கடைக்குப் போகிறேன் என்பதுபோலத்தான் சொன்னாள். ஹெல்மெட் அவள் காதோரத்தில் விழுந்தது. தேங்காயை உடைத்ததுபோல ஒரு சத்தம். அவள் டாயர் அடுக்கில் சாய்ந்து அப்படியே தரையில் சறுக்கினாள். இரண்டாவது அடிக்கு அவன் கையை ஓங்கினான். அது ஒடிந்த கையின்மேல் விழுந்தது. அவள் அலறினாள். அவள் அலறி நான் கேட்டது அப்போதுதான்.

அந்த அலறல் மேலே எட்டிவிட்டது. படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாத பெண்கள். முன்னால் வந்தவர் போதகர் மனைவி.

“கை வைங்க!” என்றார்.

எங்கள் சபைகளில் நோயாளிக்கும் பேய் பிடித்தவனுக்கும் தலைமேல் கை வைத்து ஜெபிப்பது வழக்கம். அதற்குத்தான் அவர் சொன்னார். எல்லாரும் கை வைத்தார்கள். தலையில் ஒருத்தி, தோளில் ஒருத்தி, முதுகில், கழுத்தில். முதலில் கைதான் வைத்தார்கள். “இயேசுவின் நாமத்தில் விலகிப் போ!” என்று போதகர் மனைவி அவன் நெற்றியைத் தள்ளினார். அவன் நின்றபடியே, “போங்கடி” என்று ஒருத்தியை உதறினான். அதற்குப் பிறகு எது கை வைத்தது, எது அடித்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் கீழே விழுந்தான். எல்லாரும் அவன்மேல் விழுந்தார்கள். “விலகு! விலகு!” என்று சொல்லச் சொல்ல உள்ளங்கைகள் மேலே போய்க் கீழே இறங்கின. சத்தமாகவே பேசாத ஒரு கிளினிக் ஆயா அவன் முடியைக் கொத்தாகப் பிடித்து, “எத்தனை வருஷம்! எத்தனை வருஷம்!” என்று கத்திக்கொண்டே தரையில் மோதினாள். அவனை அவள் அன்றுதான் முதல் தடவை பார்க்கிறாள். அவள் யாரை மோதினாளோ, கர்த்தருக்குத்தான் தெரியும். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு வீடு இருந்தது. என் கையும் அவன் முதுகில் இருந்தது. என் காதில் தும் தும் என்ற அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. தவுக்கே டீக் கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குள் போய் இரும்புக் கதவைப் பாதி இறக்கிக்கொண்டார்.

“விடுங்க! செத்துருவான்! விடுங்க!”

அவள்தான். ஒற்றைக் கையால் எங்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்து இழுத்தாள். காதிலிருந்து ரத்தம் சட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆயாவின் விரல்களை அவன் முடியிலிருந்து பிரித்தாள். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு விலகினோம். அவன் மூக்கு ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. வாயில் மண். அவள் குனிந்து தன் துப்பட்டாவால் அவன் வாயைத் துடைத்தாள்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிடி விடுகிற பிடி இல்லை.

எங்களில் ஒருத்தி மறுபடியும் அடியெடுத்து வைத்தாள். அவள் தலையை ஆட்டித் தடுத்தாள். ஒடிந்த கையைத் தூளியிலிருந்து வெளியே எடுத்தாள். வலியில் அவள் முகம் சாம்பலாகிவிட்டது. அந்தக் கையாலேயே அவன் விரல்களைப் பிரித்தாள். ஒரு விரல், அடுத்த விரல். பிரித்ததை மடங்கவிடாமல் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு அடுத்ததைப் பிரித்தாள்.

“உங்களுக்காக ஜெபிப்பேன். தூரத்துல இருந்து ஜெபிப்பேன்.”

காஹாங் பஸ் புறப்படும் லார்க்கினுக்குப் போகும் பஸ் வந்தது. அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. ஏறிவிட்டாள்.

போதகர் மனைவி தன் முழங்கால் சிராய்ப்பில் எச்சிலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “மேய்ப்பன் கையில கோல் இருக்குல்ல, சகோதரி? சும்மாவா வெச்சிருப்பாரு?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நான் அவனுக்குப் பக்கத்து வீட்டில்தானே இருந்தேன்.

முகத்து வீக்கம் வடிந்ததும் அவன் என் கதவுக்கு வந்தான். “எங்க இருக்கா? நீதானடி அவள ஏத்திவிட்டவ?” அண்ணன் வீட்டுக்குப் போய்த் தேடியிருக்கிறான். அவர் அதற்குள் தங்கையை வேறு இடத்தில் வைத்துவிட்டார். மகன் வேலைக்குப் போனதும் அவன் வருவான். காலால் உதைப்பான். கதவுக்கு வெளியே இரும்புக் கிரில் இருந்ததால் நான் பிழைத்தேன். அதில் பாராங்கு கத்தியைக் குறுக்கே வைத்து இழுப்பான். அந்தக் கிரீச் சத்தத்துக்கு என் பல் கூசும். நான் அடுப்பை அணைத்துவிட்டு, மூச்சுவிடாமல் அடுப்புக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பேன். மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவனும் கத்தியைத் தூக்குவான்.

அவளை அப்படியே விட்ட ஆண்டவர் என்னையும் விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அவளை அவர் விட்டுவிடவில்லையே. ஒரு வாயும் இத்தனை கைகளும் தேவைப்பட்டன. நாங்கள்தான் அவற்றைக் கொடுக்காமல் வைத்திருந்தோம்.

ஒரு மத்தியானம் கைப்பேசி அடித்தது. அவள் குரல்.

“அக்கா, உயிரோட இருக்கேன். கை கூடிருச்சு. ஒரு காதுதான் கேக்கல. நீங்க எப்படி இருக்கீங்க?”

கிரில் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது.

“என்னாலதானே. நான் அவனுக்காக இன்னும் உபவாசம் இருக்கேன்க்கா. மனசு மாறும்.”

“நீ உபவாசம் இரு” என்றேன். “நான் பாலாய்க்குப் போறேன்.”

“போலீசுக்கா? நீங்களா? அங்க பேசணுமே!”

“பேசிக்கிறேன்.”

பிறகு பழையபடி அந்தச் சிரிப்பு வந்தது. “நான் ஒண்ணு சொல்லுவேன், நீங்க கோவிச்சுக்குவீங்க. வேணாம், போங்க. நான் இங்க முட்டி போட்டுக்கிறேன்.”

பாலாயில் மேசைக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பையன் உட்கார்ந்திருந்தான். நான் சொல்வதைக் கம்பியூட்டரில் தட்டிக்கொண்டே வந்தான். எனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி, கதவு, அவன் சொன்ன வார்த்தைகள். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இருந்ததால் அவன் அடிக்கடி, சத்தமாகச் சொல்லுங்க மக்சிக் என்றான். சத்தமாகச் சொன்னேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சொல்வதை நிறுத்தவில்லை.

கடைசியில் அவன் தலையைத் தூக்கி, அந்த ஆள் தேடுகிற பெண் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டான். பக்கத்து வீடு என்று போட்டால் வழக்கு நிற்குமோ நிற்காதோ, எனக்கு அதெல்லாம் தெரியாது. அதை நினைத்தும் நான் சொல்லவில்லை.

“அடேக் சாயா” என்றேன். என் தங்கச்சி.